இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரதம்: ஆக்கமும் காப்பும்

ஒரு மாநகரின் சிறப்பைக் கூறப் புகுவோர் அதன் மாடமாளிகைகளையும் பாலங்களையும் பூங்காக்களையும் எடுத்துரைப்பது வழக்கம். கண்ணுக்குப் புலனாகாது நிலத்தின் கீழே அமைந்து, அந்நகரின் வாழ்வை நாடோறும் தாங்கி நிற்பவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அத்தகையவற்றுள் தலையாயது இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதம். உலகில் முதன்முதல் அமைந்த நிலக்கீழ்ப் புகையிரதமும் இதுவே. 1863 ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் நீளமுள்ள ஒரு சிறு பாதையாகத் தொடங்கிய இது, இன்று 11 வழிகளும் 272 நிலையங்களும் ஏறக்குறைய 402 கிலோமீற்றர் நீளமும் உடையதாய் விரிந்துள்ளது. பெயர் நிலக்கீழ்ப் புகையிரதம் எனினும், இதன் பாதையில் நூற்றுக்கு 45 பங்கே சுரங்கத்துள் உள்ளது; எஞ்சிய பகுதி புறநகர்களில் திறந்த வெளியிற் செல்கின்றது. மக்கள் மிகுதியாகப் பயணஞ் செய்யும் நாட்களில் ஐம்பது இலட்சம் வரையான பயணங்கள் இதில் நிகழ்கின்றன.

இதன் வரலாற்றை நோக்குவோர்க்கு இருவகை உழைப்புப் புலனாகும். ஒன்று, புதியதை இயற்றும் ஆக்கம். மற்றது, இயற்றியதை நாடோறும் பேணும் காப்பு. முன்னையது புகழ் பெறும். பின்னையது பெரும்பாலும் பெயரின்றியே நிகழும். எனினும் இவ்விரண்டனுள் மக்களின் உயிர் எதனைச் சார்ந்துள்ளது என்பது ஆராயற்பாலது.

ஒரு சட்டத்தரணியின் கனவு

1801 இல் ஏறத்தாழப் பத்து இலட்சமாக இருந்த இலண்டன் நகரின் குடித்தொகை, 1851 இல் இருபத்துமூன்று இலட்சத்துக்கு மேற்பட்டது. வெளியூர்களிலிருந்து வந்த புகையிரதங்கள் யாவும் நகரின் விளிம்பிலேயே நின்றன. நடுநகரினுள் இருப்புப் பாதை அமைத்தல் தகாதென 1846 இல் ஓர் அரச ஆணைக்குழு விதந்துரைத்திருந்தது. ஆகவே, நிலையங்களிலிருந்து நகரின் உள்ளே செல்வோரும் பொருள்களும் குதிரை வண்டிகளையே நம்ப வேண்டியதாயிற்று. வீதிகள் நெரிசலால் அடைபட்டன. தொழிலாளரோ, வேலை செய்யும் இடத்துக்கு நடந்து செல்லக்கூடிய தொலைவிலேயே, காற்றும் ஒளியும் புகாத குடில்களில் நெருங்கி வாழ்ந்தனர்.

இந்நிலையில், நகரசபையின் சட்டத்தரணியாக விளங்கிய சாள்ஸ் பியர்சன் என்பார், வீதிகளின் கீழே இருப்புப் பாதை அமைக்கலாம் என 1840 களில் எடுத்துரைத்தார். நெரிசலைக் குறைத்தல் மட்டும் அவர் நோக்கமன்று. ஏழைத் தொழிலாளர் நகருக்கு வெளியே நல்ல காற்றுள்ள இடங்களிற் குடியிருந்து, குறைந்த கட்டணத்தில் நாடோறும் வேலைக்கு வந்து செல்ல வேண்டும் என்பதே அவர் கொண்ட பெருவிருப்பு. பலர் நகைத்தனர். ஆயினும் அவர் முயற்சி தளராது, மெற்றொபொலிற்றன் புகையிரதக் கம்பனிக்கு நகரசபையின் முதலுதவியையும் பெற்றுக் கொடுத்தார். பாதை திறக்கப்படுவதற்குச் சில மாதங்களின் முன், 1862 செப்ரெம்பரில், அவர் உயிர்நீத்தார்.

வேலை 1860 இல் ஜோன் பவுலர் என்னும் பொறியியலாளரின் பொறுப்பில் தொடங்கியது. கையாளப்பட்ட முறை எளியது. வீதியை நெடுக அகழ்ந்து, இருமருங்கும் செங்கற் சுவர் எழுப்பி, மேலே வளைவாகக் கூரை கட்டி, அதன் மீது மீண்டும் மண்ணிட்டு வீதியை அமைப்பர். அகழ்ந்து மூடும் இம்முறை எளியதாயினும் துன்பம் விளைப்பது. வீதிகள் மாதக்கணக்கிற் பிளந்து கிடந்தன. 1862 ஜூனில் பிளீற் என்னும் கழிவுநீர்க் கால்வாய் உடைந்து அகழிகளுள் வெள்ளம் புகுந்தது. பிளீற் பள்ளத்தாக்கிலிருந்த ஏழைகளின் வீடுகள் பல இடிக்கப்பட்டன. வீட்டுச் சொந்தக்காரர் இழப்பீடு பெற்றனர். வாடகைக்கு இருந்தவரோ வெறுங்கையராய் வேறிடம் தேடினர். ஏழைகளின் நலங்கருதி எழுந்த திட்டமே முதலில் ஏழைகளின் வீடுகளைத் தகர்த்தது இவ்வரலாற்றின் ஒரு முரண்.

1863 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆந் திகதி, பாடிங்ரன் முதல் பாரிங்ரன் வீதி வரை பொதுமக்களுக்குப் பாதை திறக்கப்பட்டது. முதல் நாளிலேயே 38,000 பேர் பயணஞ் செய்தனர். முதல் ஆண்டில் 95 இலட்சம் பயணங்கள் நிகழ்ந்தன. 1864 இல் தொழிலாளருக்கென அதிகாலையிற் குறைந்த கட்டண வண்டிகளும் ஓடத் தொடங்கின. பியர்சனின் கனவில் ஒரு பகுதி அவ்வாறு நனவாயிற்று.

புகையும் அதன் தீர்வும்

புகையிரதம் என்னும் பெயர் அக்காலத்து வண்டிகளுக்கு முற்றும் பொருந்தும். நீராவி எஞ்சின்கள் சுரங்கத்துள் ஓடின. புகையின்றி நீராவி பெறுவதற்கு, சூடேற்றிய செங்கற்களை எஞ்சினுள் இட்டு ஓட்டலாம் எனப் பவுலர் முயன்றார், அம்முயற்சி தோல்வியுற்றது. பின்னர், கழிவு நீராவியைக் குழாய் வழியே தொட்டியிலுள்ள குளிர்ந்த நீரிற் செலுத்தி ஒடுக்கும் எஞ்சின்கள் பயன்பட்டன. நீராவி ஒருவாறு குறைந்தது; நிலக்கரிப் புகையும் கந்தக நெடியும் நீங்கவில்லை. 1884 இல் நடுநகரைச் சுற்றிவரும் வட்டப் பாதை முற்றுப்பெற்றபோது, அப்புகை நாற்புறமும் சூழ்ந்ததாயிற்று.

வீதிகளை அகழாமல் ஆழத்திற் பாதை அமைப்பதற்கு இரண்டு தடைகள் இருந்தன. ஆழ்ந்த சுரங்கத்துள் நீராவி எஞ்சினை ஓட்டினால் பயணிகள் மூச்சடைத்து மாள்வர் என்பது ஒன்று. தோண்டும்போதே மண் சரிந்துவிழும் என்பது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதற்கான வழியை மார்க் புறூணல் என்பார் முன்னரே காட்டியிருந்தார். 1825 இல் தேம்ஸ் நதியின் கீழே சுரங்கம் அகழத் தொடங்கிய அவர், இரும்பினாலான பெருஞ் சட்டமொன்றைத் தோண்டுமுகத்தில் நிறுத்தினார். அதிலிருந்த 36 சிற்றறைகளில் நின்று தொழிலாளர் சிறிது சிறிதாக மண்ணை அகழ, சட்டம் முன்னோக்கி நகர்த்தப்பட்டது. பின்னால் கொத்தர்கள் செங்கற் கட்டினர். இச்சட்டமே கேடயம் எனப்பட்டது. நதிநீர் பலமுறை உட்புகுந்தது. 1828 ஜனவரியில் நிகழ்ந்த வெள்ளத்தில் அறுவர் மாண்டனர். 1843 இலேயே அச்சுரங்கம் மக்கள் நடந்து செல்லத் திறக்கப்பட்டது.

ஜேம்ஸ் ஹென்றி கிறேற்ஹெட் இக்கேடயத்தை வட்ட வடிவினதாக்கிச் செம்மைப்படுத்தினார். வட்டமான உருக்குக் கேடயத்தை நீரழுத்தப் பொறிகள் களிமண்ணுள் முன்தள்ள, அதன் பின்னே வார்ப்பிரும்புத் துண்டுகளை வளையங்களாக இணைத்து முடுக்கி, வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெளியிற் சுண்ணச் சாந்தைக் காற்றழுத்தத்தாற் செலுத்துவர். இலண்டன் நகரின் கீழே அமைந்த தடித்த நீலக்களிமண் இவ்வேலைக்கு மிக ஏற்றது. வெட்டுவதற்கு எளிது, நீர் எளிதிற் கசியாது. தேம்ஸுக்குத் தெற்கே பல இடங்களில் நீர் பொதிந்த மணலும் பரலும் உள்ளமை, அப்பகுதியில் ஆழ்சுரங்கங்கள் அருகியிருப்பதற்கு ஒரு காரணமாகும்.

முதலாவது தடையை மின்சாரம் நீக்கிற்று. நகரத்திலிருந்து ஸ்ரொக்வெல் வரை கிறேற்ஹெட்டின் முறையால் அமைந்த பாதையில், கம்பி வடத்தால் வண்டிகளை இழுக்கவே முதலிற் கருதினர். பின்னர் மின்சார எஞ்சினைத் துணிந்து மேற்கொண்டனர். 1890 டிசெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அப்பாதையே உலகின் முதலாவது ஆழ்நில மின்சாரப் புகையிரதம். அதன் பெட்டிகள் சிறியன. சுரங்கத்துட் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று கருதி, பலகணிகளைக் கூரையோரத்துச் சிறு துவாரங்களாகவே அமைத்தனர். நிலையத்தின் பெயரைக் காவலர் உரத்துக் கூறினாலன்றிப் பயணிகள் இடமறியார். ஆயினும் புகை நீங்கிற்று. புகையிரதம் என்னும் பெயர் மட்டும் எஞ்சியது.

1900 இல் சென்றல் இலண்டன் பாதை திறக்கப்பட்டது. எத்தூரம் சென்றாலும் இரண்டு பென்சே கட்டணம். அதன் கனத்த மின்சார எஞ்சின்களால் மேலுள்ள கட்டடங்கள் அதிர்ந்தன. எனவே, 1903 இல் தனி எஞ்சினை விடுத்து, பெட்டிகள் சிலவற்றின் அடியிலேயே மோட்டர்களைப் பொருத்தி, அனைத்தையும் முன்னுள்ள சாரதி ஒருவரே இயக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்கரான சாள்ஸ் யேர்க்கிஸ் பெருமுதல் திரட்டி, மூன்று ஆழ்நிலப் பாதைகளையும் பழைய டிஸ்றிக்ற் பாதையின் மின்மயமாக்கத்தையும் மேற்கொண்டார். இவற்றுக்கு மின்வழங்க லொற்ஸ் றோட் மின்னிலையம் 1905 இல் இயங்கத் தொடங்கியது. பியர்சனைப் போன்றே யேர்க்கிஸும், தம் ஆழ்நிலப் பாதைகள் திறக்கப்படுமுன்னர், அவ்வாண்டின் இறுதியில் மறைந்தார்.

பல கம்பனிகளின் கையிலிருந்த பாதைகள் 1933 இல் இலண்டன் பயணிகள் போக்குவரத்துச் சபை என்னும் பொது நிறுவனத்தின் கீழ் ஒன்றாயின. அவ்வாண்டிலேயே ஹரி பெக் வரைந்த படமும் வெளிவந்தது. நிலத்தின் கீழ்ச் செல்பவருக்குத் தொலைவும் திசையும் வேண்டுவதில்லை, நிலையங்களின் வரிசையும் வழி மாறும் இடமுமே வேண்டுவன என்பதை உணர்ந்து, மின்சுற்றுப் படம் போல நேர்கோடுகளால் அதனை அவர் அமைத்தார். பிற நாட்டு நகரங்கள் பலவும் அம்முறையைப் பின்பற்றியுள்ளன.

ஒரு நாளின் நடைமுறை

காலை ஐந்து மணியளவில் முதல் வண்டிகள் புறப்படுகின்றன. பகற்பொழுதின் நெரிசல் வேளையில், விக்டோறியா வழியில் மணிக்கு 36 வண்டிகள் செல்கின்றன. அஃதாவது நூறு செக்கனுக்கு ஒரு வண்டி. ஒரு மேடையில் ஒருவர் கதவைத் தடுத்து அரைநிமிடம் தாமதிப்பின், பின்வரும் வண்டிகள் யாவும் அத்தாமதத்தைச் சுமக்க நேரும். இத்துணை நெருக்கமாகச் செல்லும் வண்டிகள் ஒன்றோடொன்று மோதாதிருப்பது எங்ஙனம்?

நெடுங்காலமாகக் கையாளப்பட்ட முறை பின்வருமாறு. தண்டவாளங்கள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் மெல்லிய மின்னோட்டம் ஒன்று செலுத்தப்படும். அவ்வோட்டம் இருக்கும்வரை பச்சை விளக்கு எரியும். வண்டி ஒன்று அப்பகுதியுட் புகுந்ததும், அதன் சில்லுகளும் அச்சுகளும் இரு தண்டவாளங்களையும் இணைத்து ஓட்டத்தைத் திருப்பிவிடும்; உடனே சமிக்ஞை சிவப்பாக மாறும். இதிலுள்ள நுட்பம் யாதெனில், தண்டவாளம் உடைந்தாலும் கம்பி அறுந்தாலும் மின்சாரம் தடைப்பட்டாலும் சிவப்பே தோன்றும் என்பதாம். கருவி பழுதுற்றால் அது கூறும் சொல் "நில்" என்பதே. சாரதி சிவப்பைக் கவனியாது கடந்தால், பாதையோரத்து இரும்புக் கை ஒன்று நிமிர்ந்து நின்று வண்டியின் அடியிலுள்ள நெம்பைத் தட்ட, தடுப்புகள் தாமே இறுகும். இன்று விக்டோறியா, சென்றல், யூபிலி, நோதேர்ண் முதலிய வழிகளில் வண்டியின் ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் கணினிக் கருவிகளே நடத்துகின்றன. 1968 இல் திறக்கப்பட்ட விக்டோறியா வழி இத்துறையில் முன்னோடி. ஆயினும் கதவுகளைக் கவனித்து மூடவும், இடர் நேரின் பயணிகளை வழிநடத்தவும் முன்னறையில் ஒருவர் அமர்ந்தே இருக்கிறார்.

மின்சாரம் வழங்கும் முறையும் தனித்தன்மை உடையது. சில்லுகள் ஓடும் இரண்டு தண்டவாளங்களன்றி, பக்கத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக மேலும் இரண்டு உள்ளன. பக்கத்துத் தண்டவாளம் வழியே வரும் மின்னோட்டம் நடுத் தண்டவாளம் வழியே மீள்கின்றது. இரண்டுக்கும் இடையே வழக்கமாக 630 வோற்று வேறுபாடு உண்டு. மின்னோட்டம் சில்லுத் தண்டவாளத்தால் மீளுமாயின், அது கசிந்து சுரங்கத்தின் இரும்பு வளையங்களையும் அயலிலுள்ள குழாய்களையும் அரிக்கக்கூடும். அதனைத் தவிர்க்கவே நான்காவது தண்டவாளம் வேண்டப்பட்டது.

முன்னோரின் சிக்கனத்துக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. சென்றல் பாதையில் நிலையங்களைச் சிறு மேட்டின் மீது அமைத்தனர். வண்டி நிலையத்தை அணுகும்போது மேடேறுதலால் வேகம் இயல்பாகத் தணியும். புறப்படும்போது சரிவில் இறங்குதலால் வேகம் எளிதிற் கூடும். பூமியின் ஈர்ப்பே தடுப்பாகவும் தூண்டலாகவும் கூலியின்றிப் பணி செய்கின்றது.

இவையனைத்தையும் இயக்குவோர் மக்களே. போருக்குப் பின் தொழிலாளர் பற்றாக்குறை நேர்ந்தபோது, 1956 முதல் பார்படோஸ் தீவிற்கே சென்று இலண்டன் போக்குவரத்து நிறுவனம் ஆள் சேர்த்தது. கடல் கடந்து வந்த அம்மக்களும் அவர்தம் வழிவந்தோரும் இல்லையேல் இலண்டனின் வண்டிகள் பல ஓடியிரா.

இரவின் பணி

நள்ளிரவுக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணியளவில் கடைசி வண்டிகள் அடங்குகின்றன. மின்னோட்டம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்துகொண்ட பின்னரே மற்றொரு படை சுரங்கத்துள் இறங்கும். சிலர் விளக்கேந்திப் பாதை நெடுக நடந்து, ஆணிகள் தளர்ந்துள்ளனவா, தண்டவாளம் வெடித்துள்ளதா எனக் கண்ணாற் கண்டு சோதிப்பர். சிலர் தேய்ந்த தண்டவாளங்களை மாற்றுவர். மின்கலங்களால் ஓடும் எஞ்சின்கள் அவற்றை ஏற்றி வரும். மற்றுஞ் சிலர், வண்டிகள் எழுப்பும் காற்றாற் சேர்ந்த தூசியையும் பயணிகளின் தலைமயிரையும் துணிநூற் பஞ்சையும் தூரிகையாலும் கையாலும் வாரியெடுப்பர். அற்பமாகத் தோன்றும் அப்பஞ்சு ஒரு தீப்பொறிக்கு இரையாகக் கூடியது. நாலு மணியளவில் வேலை முடிய வேண்டும். கருவிகள் யாவும் மீண்டனவா, ஆட்கள் யாவரும் வெளியேறினரா என்று உறுதியான பின்னரே மீண்டும் மின்னோட்டம் செலுத்தப்படும். 2016 முதல் வெள்ளி, சனி இரவுகளிற் சில வழிகளில் வண்டிகள் விடியுமட்டும் ஓடுவதால், அவ்வழிகளில் எஞ்சிய இரவுகளின் அருமை இன்னும் கூடிற்று.

காப்புத் தவறிய மாலை

இப்பணியின் பெறுமதியை அது தவறிய வேளைகளே உணர்த்தின. 1975 பெப்ரவரி 28 ஆந் திகதி, மூர்கேற் நிலையத்தில் பாதை முடிவில் நிற்க வேண்டிய வண்டி நில்லாது சுவரில் மோதி 43 பேர் மாண்டனர். சாரதி ஏன் நிறுத்தவில்லை என்பது இன்றும் துணியப்படவில்லை. அதன்பின், பாதை முடியும் நிலையங்களில் வேகம் மிகுந்து வரும் வண்டியைத் தாமே நிறுத்தும் கருவிகள் அமைக்கப்பட்டன.

அதனினும் ஆழ்ந்த பாடம் 1987 நவம்பர் 18 ஆந் திகதி கிங்ஸ் குறொஸ் நிலையத்திற் கிடைத்தது. அங்கிருந்த நகரும் படிக்கட்டு மரத்தாலானது. யாரோ ஒருவர் எறிந்த தீக்குச்சி, படிக்கும் பக்கப் பலகைக்கும் இடையிலுள்ள வெளியால் கீழே விழுந்தது. அங்கே ஆண்டாண்டாகச் சேர்ந்திருந்த கிறீசும் தூசியும் பற்றிக்கொண்டன. மாலை ஏழரை மணியளவிற் சிறு தீயாகக் கண்டறியப்பட்டது, பதினைந்து நிமிடத்துள் சுவாலைப் பெருக்காய்ப் பாய்ந்து, மேலுள்ள பயணச்சீட்டு மண்டபத்தை நிரப்பிற்று. மீட்கச் சென்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் உட்பட 31 பேர் உயிரிழந்தனர். சரிந்து மேலேறும் படிக்கட்டின் பள்ளத்துள் தீயானது படிகளை ஒட்டிப் படர்ந்து திடீரெனப் பாயும் என்னும் இயல்பு, பின்னர் நடந்த கணினி ஆய்வாலும் சிறு மாதிரிகளாலுமே அறியப்பட்டது.

எனினும் விசாரணை சுட்டிய குற்றம் அறியாமை மட்டுமன்று. அப்படிக்கட்டின் உட்புறம் அமைத்த நாள்முதல் ஒருமுறையேனும் முற்றாகத் துப்புரவு செய்யப்படவில்லை. படிக்கட்டுகளிற் சிறு தீ உண்டாதல் முன்பும் பலமுறை நிகழ்ந்ததே. அவற்றைத் தீ என்று சொல்லாது "புகைச்சல்" என்று குறித்து வந்தனர் அலுவலர். சொல் சிறிதானமையால் அச்சமும் சிறிதாயிற்று. நிலத்தின் கீழ்ப் புகைபிடித்தல் 1985 இலேயே தடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் வெளியேறுவோர் படிக்கட்டிலேயே சுருட்டுப் பற்றவைப்பதைத் தடுப்பார் இலர். 1988 இல் வெளிவந்த பெனெல் அறிக்கை 157 விதப்புரைகளைக் கூறிற்று. 1989 இல் நிலக்கீழ் நிலையங்களுக்குரிய தீப்பாதுகாப்பு விதிகள் சட்டமாயின. மரப் படிக்கட்டுகள் படிப்படியாக அகற்றப்பட்டன. அவற்றுட் கடைசியானது கிறீன்போட் நிலையத்திலிருந்து 2014 இல் நீங்கிற்று.

களிமண் வைத்திருந்த கணக்கு

காப்பு என்பது பழுதுபார்த்தல் மட்டுமன்று. ஆக்கத்தின் விளைவுகளை நெடுங்காலம் கவனித்தலும் ஆகும். கேடயத்துக்கு நட்பாக விளங்கிய களிமண், மின்வண்டிகளின் மோட்டர்களும் தடுப்புகளும் வெளியிட்ட வெப்பத்தை நூறாண்டுக்கு மேலாக உறிஞ்சி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை. கோடைக்குக் குளிர்ந்த இடமென்று அன்று சுரங்கப் பயணத்தை விளம்பரஞ் செய்தனர். இன்று பல இடங்களில் அது 20 பாகைக்கு மேற்பட்டது. ஒடுங்கிய ஆழ்சுரங்கங்களில் வெப்பத்தை வெளியேற்ற இடமின்மையால், கோடைப் பயணம் இன்று பெருந் துன்பமாகியுள்ளது. தடுப்பின் வலுவை மீண்டும் மின்சாரமாக மாற்றும் வண்டிகளும், பெரிய காற்றாடிகளும் ஓரளவு உதவுகின்றன. இஸ்லிங்ரன் பகுதியில் கைவிடப்பட்ட ஒரு நிலையத்தின் காற்றுக்குழியிலிருந்து எடுக்கப்படும் வெப்பம், 2020 முதல் அயலிலுள்ள வீடுகளுக்குச் சூடு வழங்கப் பயன்படுகின்றது. அன்று துன்பமென விலக்க முயன்றதையே இன்று பயனென மாற்றும் முயற்சி இது.

பியர்சன், கிறேற்ஹெட், யேர்க்கிஸ் முதலியோரின் பெயர்கள் நூல்களில் நிலைத்துள்ளன. அவர்கள் ஆக்கியது வியத்தற்குரியதே. ஆனால், காலை ஐந்து மணிக்கு முதல் வண்டியில் ஏறும் தொழிலாளி ஒருவர் அச்சமின்றி அமர்ந்து கண்ணயர்வது, அவ்வாக்கத்தால் மட்டும் அன்று. அதற்கு ஒரு மணி முன்வரை அதே பாதையில் விளக்கேந்தி நடந்த ஒருவர் ஒவ்வோர் ஆணியையும் நோக்கியிருக்கிறார். பஞ்சை வாரிய ஒருவர் அதனை வெளியே சுமந்து சென்றிருக்கிறார். ஆக்கல் ஒருமுறை நிகழ்வது. காத்தல் இரவுதோறும் நிகழ வேண்டுவது. கிங்ஸ் குறொஸ் நிலையத்தில் விழுந்த தீக்குச்சி உணர்த்தியது இதனையே.